பாக்கி நாற்பது அடி

இந்த மலைக்கு வழி கடலில் தொடங்குகிறது.
ஃபியோர்டின் முனையில், மரம் வெட்டுகிறவர்கள்
விட்டுப்போன துறையில் இறக்கிவிடுவேன்.
கூலி முன்பணம்.

பிறகு நான்கு நாள் ஆல்டர் புதர்,
உள்ளங்கையில் முள்ளேற்றும் பேய்த்தடிச் செடி,
கரடி போன ஈரத்தடம்.
அதற்கப்புறம்தான் பனியாறு.

மேற்கிலிருந்து வரும் மேகமெல்லாம்
இங்கே சுமை இறக்கிவிட்டுத்தான் நகரும்.
மலையின் முதுகுப்புறம், கிழக்கே,
குதிரைகள் புழுதி கிளப்புகின்றன.

அந்த ஆகஸ்டில் டோர்மோட் ஹவ்க்லியும்
வினிஃப்ரெட் பெல்லும்
பதினோராம் நாள் இறங்கி வந்தார்கள்,
உதடு வெடித்து.
"ஏறியாச்சா?"
"நாற்பது அடி பாக்கி" என்றான்.
மேலே மூட்டமாக இருந்தது;
பொய் சொல்லியிருந்தாலும் சாட்சியில்லை.

கடைசி நாற்பது அடியில் பாறையே கிடையாதாம்.
காலிஃபிளவர் மாதிரி பொங்கி உறைந்த பனி;
கோடாலியை இறக்கினால்
தோள்வரை உள்ளே போகிறதாம்.

டப்பாவிலிருந்து பீச் பழத்தை
விரலால் எடுத்துத் தின்றபடி
வினிஃப்ரெட் சொன்னாள்:
"அது மலையே இல்லை.
போன வாரத்துக் கடல்."

மறு வருஷம் வேறு இருவர் ஏறினார்கள்,
வேறு நாற்பது அடியில்.
வரைபடத்தில் அதே எண்.

அன்று திரும்பும் வழியெல்லாம் மழை.
தகர வாளியால் படகிலிருந்து
இறைத்துக் கொட்டிக்கொண்டே வந்தேன்,
அவர்களுடைய உச்சியை.