கதவுநிலை, இடப்பக்கம்

திருத்த வேலைக்குச் செலவு மதிப்பிட
அளவுநாடாவும் படிவமுமாய்ப் போனேன்.
கல்லாற்றில், கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறது கோயில்:
பீடம் கிழக்கே, வாசல் வாவிப் பக்கம்.

கூரைச் சரிவு ஐம்பது பாகை.
உறைபனி வழுக்கி விழட்டுமென்று
எவனோ தன் ஊர் நினைப்பில் சரித்திருக்கிறான்.
இங்கே அதில் வழுக்கியவை
எழுபத்தெட்டுச் சூறாவளியில் ஓடுகள் மட்டும்.
கூர்வளைவு யன்னல் ஆறு.
முருகைக்கல், சுண்ணாம்பு; சுவர்க்கனம் இருபத்தாறு அங்குலம்.
வடக்குச் சுவரின் முட்டுத்தூண்களில் ஒன்று
சுவரை விட்டு விலகித் தனியே நிற்கிறது,
கோபித்துக்கொண்ட மைத்துனன் போல.

சாவியோடு கூடவே வந்தார் கோயிற்பிள்ளை எபநேசர்.
மாபிள் பலகைகளை அவர் வாசிப்பதில்லை. அறிவார்.
“இது காய்ச்சல் நோனா.”
ஹரியற், இருபத்திரண்டு வயது, 1841,
இன்னாருடைய அன்பு மனைவி.
“இவர் யானைத் துரை.”
றோட்டு ஓவசியர். யானையைப் பற்றி
ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் இல்லை;
‘கடமையில், திடீரென’ என்று மட்டும்.
பித்தளைத் தகடு ஒன்றில் பெயரே இல்லை.
சனிக்கிழமை தவறாமல்
அவரும் அவருக்கு முந்தியவர்களும்
பழப்புளி போட்டுத் துலக்கித் துலக்கி
எழுத்தெல்லாம் போய்விட்டது.
இப்போது அதில் எபநேசரின் முகம் தெரிகிறது,
கொஞ்சம் நெளிந்து. என்னுடையதும்.
“இவர்?”
“ஆரோ. நல்லாத் துலங்குவார்.”

போதகர் அங்கி மாற்றும் சிற்றறை.
கதவுநிலை, இடப்பக்கம். முதிரை. கறையான் இல்லை.
பென்சில் கோடுகள்.
ஐம்பத்தேழு வெள்ளம், ஒன்றேகால் அடி.
மேலே, ‘கடல்’ என்று மட்டும் எழுதியது, ஐந்தடி ஏழு.
நடுவில் நெருக்கமாய் நாலு கோடு:
எமீமா ரெண்டு வயசு. எமீமா மூணு.
நாலுக்கு ஒன்று.
கடைசிக் கோடு மூன்றடி ஐந்தரை.

பழக்கத்தில் நாடாவை வைத்துவிட்டேன்.
அதற்கும் கடலுக்கும் இடையே
இருபத்தைந்தரை அங்குலம்.

எபநேசர் சாவிக்கொத்தில் எதையோ தேடினார்.
“மறுகா கீறல்ல, சேர்.”

கந்தோரில், இரவு, படிவம்.
இனம் பதினொன்று, மரவேலை:
யன்னல் நிலைகள் சுரண்டி, உராய்ந்து, இரண்டு பூச்சு பெயின்ற்.
அங்கியறைக் கதவுநிலை, இடப்பக்கம்:
தொட வேண்டாம்.

மேலதிகாரி காரணம் கேட்பார்.
காரணம் என்ற கட்டத்தில்
‘முதிரை’ என்று எழுதினேன்.