ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர்

ஊபி தொழிற்பேட்டை, ஐந்தாம் மாடி.
இரவெல்லாம் முனகிக்கொண்டிருந்த அச்சு இயந்திரம்
ஈன்றுபோட்ட கைப்பிடி
இன்னும் இளஞ்சூட்டோடு என் மேசையில்.
பதினான்காம் மாதிரி.
மற்ற பதின்மூன்றும் டிராயரில்,
கடிக்கத் தெரியாத வாய்களைத் திறந்தபடி.

சொல்லப்போனால் சின்ன வேலைதான்.
ஒயரின் தோலை உரிக்க வேண்டும்,
உள்ளே இருக்கும் பத்தொன்பது செம்பிழையில்
ஒன்றில்கூடக் கீறல் விழக் கூடாது.
பிறகு அத்தனையையும் ஒரு குழலுக்குள் நுழைத்து
நெரிக்க வேண்டும்.
குறைந்தால் உருவிக்கொண்டு வரும்,
மிஞ்சினால் இழை நசுங்கி அறும்.
இரண்டுக்கும் நடுவில்
மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடம்.
அங்கே குடியிருக்கத்தான் எனக்குச் சம்பளம்.

ராட்செட் பல் வெய் லியாங்கின் கணக்கு:
முழுதாக அழுத்தும்வரை வாய் திறக்காது.
‘அரைகுறையை விடாத கருவி’ என்று
அட்டைப்பெட்டிக்கு வாசகம் எழுதியவள் நான்.
அன்று மதியம் இருவரும் மீ கோரெங் சாப்பிட்டோம்,
அவன் காசில்.

பதின்மூன்றாம் மாதிரியில் பத்து செய்து
துவாஸில் பேனல் பூட்டும் பட்டறைக்கு அனுப்பினோம்.
மூன்று வாரத்தில் திரும்பின.
ஒன்பதோடு ஒன்பது தாள்:
பரவாயில்லை, நல்லது, நீலத்தில் கிடைக்குமா.
ஏழாம் எண்ணோடு தாள் இல்லை.

ஏழாம் எண்ணின் ரப்பரை
யாரோ பிளேடால் சீவியிருந்தார்கள்.
வெற்று எஃகின் மேல் கறுப்பு டேப், ஒரே சுற்று.
கீழ்க் கைப்பிடியின் நுனியில் பச்சைப் பெயின்ட்.
அவசரத்துக்கென்று நான் வைத்த விடுவிப்புக் கொக்கி
பழைய நாணயம்போல் தேய்ந்து மினுங்கியது.
வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
என் கருவியின் தோலை உரித்திருக்கிறார்கள்,
எஃகில் ஒரு கீறல்கூட இல்லாமல்.

பூகிஸில் ரயில் மாறி துவாஸ் லிங்க்வரை,
அப்புறம் பஸ், அப்புறம் வெயில்.
பட்டறை மேசைகளின் விளிம்பெல்லாம் பச்சை.

நோராஷிகின்.
விடியுமுன் மோட்டார் சைக்கிளில்
ஜொகூரிலிருந்து இரண்டாம் பாலம் கடந்து வருகிறவள்.
ஒரு ஷிஃப்ட்டுக்கு அறுநூறு நெரிப்பு.
நானூறுக்குமேல் கை மூடாது.
அப்போது ஒரு பிடியை மேசை விளிம்பில் முட்டுக்கொடுத்து
மறுபிடியில் உடம்பைச் சாய்ப்பாளாம்.
செய்துகாட்டினாள்.
பாதியில் சிக்கியதைக் கொக்கி தட்டி எடுத்து
வாளியில் எறிந்தாள்,
வாளியில் ஏற்கெனவே நிறையக் கிடந்தன.
“தாங்கான் சாயா கெச்சில்,” என்றாள்,
கை சின்னதாக இருப்பது
தன் பக்கத்துப் பிழைபோல.

எழுபத்திரண்டு என்று வைத்திருந்தேன் விரிவை.
எங்கோ குளிர்நாட்டில் அச்சான அட்டவணையில்
யாரோ ஆண்களின் சராசரி.
வரைந்து முடித்ததும் நானும் அழுத்திப் பார்த்தேன்,
ஒரு தடவை.

கேலிப்பரை நீட்டினேன்.
தாடை சில்லென்று பட்டதும் விரலை இழுத்துக்கொண்டாள்,
பிறகு சிரித்தபடி கொடுத்தாள்.
ஐம்பத்தெட்டு.
பக்கத்து மேசைத் தவமலருக்கு அறுபது.
அந்த வரிசையில் பதினொரு பேர்,
அறுபத்திரண்டைத் தாண்டியவர் எவருமில்லை.

கிளம்பும்போது ஒன்றுதான் கேட்டாள்:
என் ஏழாம் எண் எப்போது வரும்?
புதிது செய்கிறோம், சிறியதாக, என்றேன்.
சரி, அதுவும் வரட்டும், என்றாள்.
என் ஏழாம் எண்?

அது வெய் லியாங்கின் மேசையில்
துண்டுதுண்டாகக் கிடக்கிறது.
பதினான்கு ஆறட்டும் என்று விட்டுவிட்டு
இதைப் பூட்டிக்கொண்டிருக்கிறேன்.
டேப்பை அவள் சுற்றிய திசையிலேயே சுற்றியாயிற்று.
ஸ்பிரிங் ஒன்று மட்டும் காணவில்லை,
மேசைக்கடியில் தவழ்ந்து தேடுகிறேன்.