பக்கத்துக்கு இரண்டு ரூபாய்

தேசியக் கடலோரச் சூழல் கொள்கை, வரைவு,
இருநூற்றுப் பதினெட்டுப் பக்கம்.
வேதாளை விலக்கில்
அதை முதலில் முழுசாகப் பார்த்தது
என் ஜெராக்ஸ் மெஷின்.
அதுவும் வாசிக்கவில்லை,
வெளிச்சம் அடித்துப் பார்த்ததோடு சரி.

கருத்துச் சொல்ல அறுபது நாள் என்றார்கள்.
நாற்பத்தொன்று கழிந்த பிறகு
தமிழ்ப் பிரதி வந்து சேர்ந்தது.
பாசி எடுக்கும் பெண்களுக்கு அதில்
'கடற்களை அகற்றுநர்' என்று பெயர்.
வாசித்துக் காட்டினேன்.
"களையா?" என்றாள் நம்பு ஈசுவரி.
வேறொன்றும் சொல்லவில்லை.
முந்தானை முடிச்சவிழ்த்து
ஈரத்தோடு ஒரு பத்து ரூபாயை நீட்டினாள்.

பதினேழாம் பிரிவு அவர்களுக்கு வேண்டும்:
தீவோரம் மேட்டுத் தண்ணீரில்
இழுவை மடி கூடாது.
முப்பத்தொன்பது வேண்டாம்:
அதே தண்ணீரில் மூன்று இறங்குதளம் வரலாம்.
விசைப்படகு சந்தியாகுவுக்கு அப்படியே தலைகீழ்.
இரண்டு தரப்பும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து
தத்தம் ஆட்சேபம் சுடச்சுட வெளிவரக் காத்திருந்தது.
மெஷின் கட்சி பார்க்காது.
மை தீர்ந்தால் நிற்கும், அவ்வளவுதான்.

கைநாட்டு முந்நூற்றுப் பன்னிரண்டு.
மரிக்கொழுந்துப் பாசிக்காகப்
பாறையைப் பற்றிப் பற்றி வழித்த கட்டைவிரல்கள்,
ரேகை விழவில்லை.
விழுந்தது நீல வட்டம்.
தாள் தாளாகச் சின்னச் சின்னக் குட்டைகள்.
"இத ஏத்துக்கிருவாகளா பாய்?"
ராமநாதபுரத்தில் ஏற்றுக்கொண்டார்கள்.
சீல் குத்தித் தந்த ரசீதுக்கும்
ஒரு நகல் போட்டுக் கொடுத்தேன். அது இலவசம்.

கச்சான் அடித்து ஓய்ந்தது.
வாடை தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை
டீக்கடைக்காரர் செல்போனில் ஒற்றை வரி:
ஒப்புதலுக்கு முன்பாகவே
வரைவு திரும்பப் பெறப்படுகிறது.
யார் பெற்றது?
'படுகிறது' என்ற சொல்லுக்குப் பின்னால்
எட்டிப் பார்த்தேன்,
ஆளில்லை.

சந்தியாகுவின் ஆட்கள் வெடி போட்டார்கள்,
பதினேழு ஒழிந்ததென்று.
பாசிப் பெண்களும் தேன்மிட்டாய் வாங்கினார்கள்,
முப்பத்தொன்பது ஒழிந்ததென்று.
மிட்டாய் கரைந்து முடிகையில்தான்
இரண்டு பக்கமும் அடுத்த எண் உறைத்தது.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
பொட்டலத் தாளை மட்டும்
மடித்துக்கொண்டே இருந்தாள் பூமயில்.

அன்றைக்குக் கடலும் உள்வாங்கியிருந்தது.
இங்கே அடிக்கடி நடப்பது,
பேப்பரில் நாலு வரி வரும்.
நாட்டுப் படகுகள் சேற்றில் ஒருச்சாய்ந்து கிடந்தன.
தண்ணீர் போன இடத்தில்
அடி தெரிந்தது:
சிப்பி, அறுந்த மடியின் ஓரம், நங்கூரக் கயிறு,
யாருடையதோ ஒரு டார்ச் லைட்.
தண்ணீர் மறுநாள் வரும்.
எங்கே போயிருந்தாய் என்று
யாரும் அதைக் கேட்பதில்லை.

"கொடுத்ததத் திரும்ப வாங்கிட்டாகளா?" என்றேன்,
கடன் நோட்டைத் திறந்தபடி.
அவள் பேரில் முந்நூற்று நாற்பது பாக்கி.
"கொடுத்தாத்தான பாய் வாங்க முடியும்?
காட்டுனாக. மடிச்சு வச்சுக்கிட்டாக.
இன்னொண்ணு கொண்டாராமலா போவாக?
நம்ம தாளுல தேதிய மட்டும் அழிச்சு வைங்க."
சாக்கை இடுப்பில் செருகிக்கொண்டு
வடிந்த கடலுக்குள் நடந்தாள்.
தண்ணீர் குறைந்தால்
பாறைக்கு வழி சுளுவு.

தேதியின் மேல் வெள்ளை மை தடவினேன்.
மேல்தட்டில், ஆதார் அட்டை கவர்களுக்கு அடியில்
அந்தக் கட்டு இருக்கிறது.
மெஷின் கண்ணாடியில்தான் ஒரு கோளாறு.
மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை.
இப்போதெல்லாம் எதை நகல் எடுத்தாலும்,
ரேஷன் கார்டோ, பத்திரமோ,
டி.சி.யோ, மரணச் சான்றிதழோ,
வலது ஓரத்தில்
ரேகையில்லாமல் ஒரு வட்டம் விழுகிறது.
கேட்பவர்களிடம் ஒரு ரூபாய் குறைத்துக்கொள்கிறேன்.