பல்வலி

சலவையறைச் சுவரில் தாளை ஒட்டியது நான்தான்.
கையெழுத்து நன்றாக இருப்பவளுக்கு
வருஷாவருஷம் கிடைக்கும் தண்டனை:
ஐந்து பேர், ஒரு மேசை, ஒரு மதியம்,
யார் கையையும் கடிக்காத ஒரு கிறிஸ்துமஸ் விருந்து.

டண்டீயில் டிசம்பர் என்றால்
மூன்றரை மணிக்கே விளக்குப் போட வேண்டும்.
ஆஸ்பத்திரி விரிப்புகள் உலர் எந்திரத்தில் உருண்டுகொண்டிருக்க
தேநீர் இடைவேளையில் ஒவ்வோர் இடமாக விசாரித்தேன்.

ஆற்றங்கரை ஓட்டல், தலைக்கு முப்பத்தெட்டு பவுண்டு.
முன்பணம் பத்து, வராவிட்டால் திரும்பாது.
வான்கோழிக்கு
வானம் பெயரில் மட்டும்தான்;
பறப்பது விலை.

செங்காவுக்கு அந்த இடம்தான் வேண்டும்.
"வருஷத்தில் ஒரு நாள்
துணி மடிக்காத கையில் ஒரு கண்ணாடிக் கோப்பை.
கேட்கக் கூடாதா?"
கேட்கலாம், செங்கா.

ரூரி தாளருகே வந்து நின்றான்.
மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான், துடைத்தான், மாட்டினான்.
"பதினெட்டாம் தேதியா?
அன்றைக்கு எனக்குப் பல் வைத்தியர்."

ஸ்டேஷன் எதிரே மதுக்கடை, இருபத்தாறு.
இரண்டு மணி நேரத்தில் எழுந்துவிட வேண்டும்,
அடுத்த கூட்டம் கோட்டோடு வாசலில் நிற்கும்.
இறைச்சி கூடாதென்று டாக்டர் சொன்ன டூகலுக்கு
கொட்டைகளை இடித்துச் சுட்ட ஏதோ ஒரு செங்கல்.
தேதியை இருபதாக்கினேன்.
ரூரிக்கு அன்றைக்கும் பல்.

இத்தாலியக் கடை, இருபத்தொன்று,
சேவைக் கட்டணம் தனி என்று எறும்பெழுத்தில்.
தேதி பதினாறு.
பல்.

"ஒரு மனுஷனுக்கு எத்தனை பல்லடா!"
டூகல் சிரித்தான், நானும் சிரித்தேன்.
வீட்டுக்குப் போகும் பேருந்தில், பாலம் ஏறும்போதுதான்
உறைத்தது.
போன வருஷமும் இதே பல்.
போன வருஷம் செப்டம்பரில்தானே
அவன் வேலையை வாரம் மூன்று நாளாக வெட்டினார்கள்.
விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள்.
விரலையே நறுக்கிக் கொடுத்துவிட்டு நிற்பவனிடம்
வீக்கத்தைப் பற்றி நான்
கலர் பேனாவில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து விலையை அவன் பல்லால் அளந்தேன்.
துணி மடித்தபடியே, யாரிடமோ பேசுவதுபோல,
"பத்தொன்பதுக்கு ஓர் இடம் இருக்கிறதாம்."
தாடையைத் தடவினான்.
"பதினேழு."
வைத்தியர் நாளை மாற்றினாலும் மாற்றுவார் என்றான்.
"பதினாலரை."
ஒன்றும் சொல்லவில்லை.
பென்சில் இருக்கிறதா என்று கேட்டான்.

மேட்டுத் தெருவில் மீன் பொரிக்கும் கடை, அதன் மாடி.
ஹாடக், உருளை வறுவல், ரொட்டி வெண்ணெய்,
ஒரு கூஜா தேநீர், எல்லாம் சேர்த்து.
"எங்கள் ஊரில் அந்த ராத்திரிக்கு மீன்தானே" என்றாள்
போலந்துக்காரி மார்ஜெனா, தோளைக் குலுக்கி.
மற்ற இடமெல்லாம் நிரம்பிவிட்டது என்று
தாளில் எழுதினேன்.
என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக
ஒரு பொய்யை எழுதியதில்லை.
செங்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அன்றைக்கு ரூரி எல்லோருக்கும் முன்பே வந்திருந்தான்.
டை கட்டியிருந்தான். காகிதக் கிரீடம்
அவனுக்குப் பெரிதாகி காதில் உட்கார்ந்திருந்தது.
செங்கா கைப்பையிலிருந்து
ஆஸ்பத்திரித் தலையணை உறையில் சுற்றிய
சொந்தக் கண்ணாடிக் கோப்பையை எடுத்து வைத்தாள்,
இஞ்சி சோடா ஊற்றினாள்,
விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

"பல் எப்படி இருக்கு, ரூரி?"

"எந்தப் பல்?" என்றான்,
மீனின் மொறுமொறு ஓரத்தைக் கடித்துக்கொண்டே.
பிறகு நினைவு வந்து
கன்னத்தில் கை வைத்தான்,
வேறு கன்னத்தில்.

செங்கா அவனைப் பார்த்தாள்.
சுவரில் சாக்குக் கட்டியால் எழுதிய விலையைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
வினிகர் பாட்டிலை எடுத்து
அவன் பக்கம் தள்ளினாள்.