அணையாத விளக்கு

எரியாத விளக்குக்குத்தான் புகார் வரும்.
பதினெட்டு வருஷமாய்ப் பூம்பாறைப் பிரிவில்
கம்பம் ஏறுகிறேன்;
அணையாத விளக்கைப் பற்றி
ஒருவரும் போன் செய்ததில்லை.
பட்டப்பகலில், மூடுபனிக்குள்,
மஞ்சளாய் ஒரு தெருவிளக்கு
எரிந்துகொண்டே இருக்கும்.
கீழே பூண்டு காயவைக்கிறவள்
நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள்.

எனக்குள்ளும் அப்படித்தான் எரிந்திருக்கிறது.
இடப்பக்க விலாவுக்குக் கீழே ஒரு கனம்.
ஒரு தோசைக்கு மேல் இறங்கவில்லை.
வாயு என்றேன்.
கம்பம் ஏறும் பெல்ட்டை
இரண்டு துளை தளர்த்திக்கொண்டேன்.

மதுரையில் வெள்ளை அணுக்களை எண்ணி
இரண்டு லட்சம் என்றார்கள்.
"பூண்டில் வந்திருக்கக் கூடாதா அந்த ரெண்டு லட்சம்"
என்றாள் பவளக்கொடி, சிரிக்காமல்.

டாக்டர் ரெஹானா
சீட்டின் பின்பக்கம் இரண்டு கோடு போட்டார்.
ஒன்பதாம் இழை, இருபத்திரண்டாம் இழை.
இரண்டும் அறுந்து
நுனி மாற்றி ஒட்டிக்கொண்டிருக்கின்றன.
அதற்கு மேல் அவர் வரைய வேண்டியிருக்கவில்லை.
தைலமரம் விழுந்த ராத்திரி,
கூக்கால் லைனில்,
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
அவசரத்தில் மாற்றி முறுக்கியிருக்கிறேன் நானும்.

உள்ளே ஒரு புரதம் இருக்கிறதாம்.
வேண்டும்போது 'பெருகு' என்று சொல்லும்.
சொல்லிவிட்டுத் தன் வாலைத் தானே மடக்கி
முதுகில் இருக்கும் குழியில் செருகிக்கொள்ளும்.
அதுதான் அதற்கு ஆஃப்.
அறுந்த இடத்தில் அந்த வால் போய்விட்டது.
குழி இருக்கிறது; செருக ஒன்றுமில்லை.
பெருகு பெருகு பெருகு.

முதல் மாத்திரை ஆறு வருஷம்.
பிளக் பாயிண்டில் கட்டை வைத்து அடைக்கிற வேலை.
சாப்பிட்டபின் போட வேண்டும்.
கண்ணைச் சுற்றி வீங்கும்.
கம்பத்தின் பாதியில்
கெண்டைக்கால் சுருட்டி இழுக்கும்.
பிறகு பாயிண்டே வாய் மாறிக்கொண்டது,
முன்னூற்றுப் பதினைந்தாவது இடத்தில்
ஒரே ஓர் எழுத்து.
கட்டை நுழையவில்லை. எண்ணிக்கை ஏறியது.

இப்போது வந்திருப்பது
முன்வாசலுக்கே போகாது.
எங்கேயோ சிலர்
வருஷக்கணக்கில் அந்தக் காலிக் குழியை
உற்றுப் பார்த்தபடி இருந்திருக்கிறார்கள்.
வால் இல்லையா, வாலைப் போல ஒன்று.
பின்பக்கமாய்ப் போய்க்
குழியில் உட்காருகிறது.
புரதம் மடங்கிக்கொள்கிறது,
பழைய பழக்கத்தில்.

இது வெறும் வயிற்றில்.
விடியுமுன், குளிர் ஓட்டுக்குள் இறங்கும் நேரத்தில்.
ஒரு மணி நேரத்துக்குக் காப்பியும் கிடையாது.
பவளக்கொடி தன் டம்ளரை
எனக்கு முதுகு காட்டிக் குடிக்கிறாள்.

மூன்றாம் மாதம் நூற்றுக்குப் பன்னிரண்டு.
அப்புறம் இரண்டு.
போன வாரம் பூஜ்யம் புள்ளி நாலு.
ரெஹானா அந்தப் பூஜ்யத்தைப்
பேனாவால் வட்டமிட்டார்.
நான் நாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இலவசமாய் வருகிற அட்டை
எந்த மாதம் நிற்கும் என்று
எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.

நேற்று மன்னவனூர் போகிற வழியில்
வண்டியை நிறுத்தச் சொன்னேன்.
அதே விளக்கு, பகல் பதினொன்றுக்கு.
ஆபீசுக்குப் போன் போட்டேன்.
நாலு தடவை கட்டாகி, ஐந்தாம் தடவை
"குழந்தைவேலு, லைன் கிளியர்" என்று வந்தது.
ஆரோக்கியம் ஏணியைப் பிடித்தான்.
சுவிட்சைச் சுற்றிக்கொண்டு போன ஒரு துண்டு ஒயர்,
யாருடைய கைவேலையோ,
என்னுடையதாகவும் இருக்கலாம்.
பிரித்தெடுத்தேன்.

மூடுபனி அதன் நிறத்துக்குத் திரும்பியது.
பூண்டு காயவைத்தவள் அப்போதுதான் நிமிர்ந்தாள்.
"நல்லா எரிஞ்சுகிட்டிருந்த லைட்டை
ஏன்யா அணைச்சீங்க?"

பதில் சொல்லாமல் இறங்கினேன்.
கெண்டைக்கால் இழுக்கவில்லை.
பெல்ட்டில் ஒரு துளையை மட்டும்
இறுக்கிக்கொண்டேன்.