பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர்

லீ பஜாரில் ஜவ்வரிசி மூட்டை அடுக்கிய பழைய குடோன்.
மழை நாளில் இன்னும்
சுவர் லேசாகப் புளிக்கிறது.
மாதச் சந்தா முந்நூற்றைம்பது.
நான் உறுப்பினர் எண் நாற்பத்தொன்று.

லேத்துக்குப் பெயர் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.
எனக்கு முன்னால் மாதையன்,
பால் வண்டிக்கு புஷ் கடைகிறார்.
செவ்வாய்ப்பேட்டை ரஹ்மத்நிஷா
கொலுசு முத்துக்கு த்ரீ-டி பிரின்டரில் மாதிரி எடுக்கிறாள்.
ஒன்பதாவது தடவையும் இடியாப்பம்.
"சாப்பிட வாங்க" என்கிறாள், திரும்பிப் பார்க்காமல்.

சுவர்ப் பலகையில்
ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தைக்
கறுப்பு பெயின்டில் வரைந்திருக்கிறார்கள்.
மாட்டியிருக்கும்போது யாரும் பார்ப்பதில்லை.
எடுத்தால்தான் தெரியும்
ஒரு ஸ்பேனர் எவ்வளவு பெரியது என்று.

பதிமூன்றை நான்தான் எடுத்துப்போனேன்.
வீட்டில் தண்ணீர் மோட்டார்
நாலு போல்ட்டும் தளர்ந்து குதித்துக்கொண்டிருந்தது.
நாளைக்கே வைத்துவிடலாம்.
நாளைக்கு ஓமலூர் டோல்கேட்டில் நைட் ஷிஃப்ட்,
மறுநாள் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து,
அப்புறம் மழை.

கரும்பலகையில் சித்தேஸ்வரன் எழுதினார்:
13 எங்கே?
கேள்விக்குறி என் பக்கமாக வளைந்திருந்தது.
"இரவல்" என்று ஒரு சொல் போதும்.
வாய்வரை வந்தது.
அதற்குள் யாரோ வெல்டிங்கைத் தொடங்கிவிட்டார்கள்,
எல்லோரோடும் சேர்ந்து நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஞாயிறு காலை, ஆள் வருமுன்,
தட்டுவடைப் பொட்டலத்துக்கு அடியில் மறைத்து
எண்ணெய் துடைத்துக் கொண்டுபோனேன்.
அந்த இடத்தில்
ஏற்கெனவே ஒன்று தொங்கியது.
புதுசு. விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை.
அதன்மேலேயே என்னுடையதை மாட்டினேன்.
என்னுடையதா?
சரி, அவர்களுடையதை.

அடுத்த வாரம் மூன்று.
மூன்றாவது துருப்பிடித்த கிழட்டு ஸ்பேனர்,
வரைந்த கோட்டைத் தாண்டி
அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது.
யார் என்று யாரும் கேட்கவில்லை.
மாதையன் மட்டும் வெகுநேரம்
கை கழுவினார்.

இன்று பலகையில் 13 அழிந்திருக்கிறது.
14 எங்கே? என்று இருக்கிறது.

சத்தியமாக இந்தத் தடவை நான் இல்லை.

ஆனாலும் வீட்டுக்குப் போகிற வழியில்
ஐந்து ரோடு ஹார்டுவேர் கடை முன்
வண்டியை நிறுத்திவிட்டேன்.
கடைக்காரர் கேட்கிறார்:
"உங்களுக்குமா பதினாலு?"