வெள்ளைக் கசகசா

நவம்பர் பதினொன்று வந்தால்
போஸ்னான் நகரமே பிறைரொட்டி தின்னும்.
உள்ளே வெள்ளைக் கசகசா, மேலே சர்க்கரைப் பாகு.
நாற்பத்தாறு வயதில் பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்டவள்
அதைத் தின்னலாமா?
தின்றேன். இரண்டு.

மறுநாள் காலை கயெதானின் நாற்காலியில் மல்லாந்தேன்.
ஒரு மாத்திரை தந்தான்.
மென்று, நாக்கால் எங்கும் தடவி, துப்பச் சொன்னான்.
கண்ணாடி நீட்டினான்:
பீட்ரூட் சூப் குடித்துத் துடைக்காத வாய்.
"ரோஜா நிறம் நேற்றைய அழுக்கு,
ஊதா அதற்கும் முந்தையது."
ஒவ்வொரு உலோகப் பொட்டைச் சுற்றியும்
ஊதாவில் கட்டம் போட்டிருந்தது.

"மூன்று வேளை தேய்க்கிறேனே" என்றேன்.
பொய். இரண்டு வேளை.
விடிகாலை ஷிப்ட் என்றால் ஒன்று.

அவன் திட்டவில்லை. அதுதான் உறுத்தியது.
பிரஷ்ஷைச் சாய்த்து
கம்பிக்கு மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று,
பிறகு புட்டி கழுவுவது போன்ற குட்டி பிரஷ்ஷை
கம்பிக்கடியில் நுழைத்து, இழுத்து, நுழைத்து.
"ரத்தம் கசிந்தால் பயந்து விட்டுவிடாதீர்கள், வியெஸ்வாவா.
அங்கேதான் வேலை பாக்கி.
இல்லையென்றால் கம்பி கழற்றும் நாளில்
பல் நேராக நிற்கும்,
பல்லுக்கொரு வெண்தழும்பும் கூடவே நிற்கும்."

நான் டிராம் ஓட்டுகிறவள்.
தடம் பிரிகிற இடத்தில் பனி உறைந்தால்
இரும்புக்கோலோடு இறங்கிக் கிளறுகிறவள்.
நேரே ஓடும் தண்டவாளத்தில் எதுவும் தங்காது,
கூடுமிடத்தில்தான் மண்ணும் இலையும் சிகரெட் துண்டும்.
இருபது வருஷமாகத் தெரியும்.
வாய்க்குள்ளும் அப்படித்தான் என்று
தோன்றியதே இல்லை.

கடைசி நிறுத்தம். ஏழு நிமிட ஓய்வு.
பின்கண்ணாடியைத் திருப்பிக்கொண்டு
குட்டி பிரஷ்ஷை எடுத்தேன்.
இறங்காமல் ஒரு பெண் நின்றிருந்தாள்,
பள்ளிப்பை, காதில் பாட்டு, பதினைந்து இருக்கும்.
ஓட்டுநர் அறைக் கதவின் கண்ணாடியைத் தட்டினாள்.
கோபமாகத் திரும்பினேன்.
ஈயென்று காட்டினாள்:
அவளுக்கும் கம்பி, பச்சை ரப்பர் போட்டது.
தன் கோரைப்பல்லை விரலால் தொட்டு,
தலையாட்டி, இன்னும் பின்னே நகர்த்தி,
அங்கே, என்றாள் சத்தமில்லாமல்.

அங்கே நுழைத்தேன்.
வந்தது. ஒரே ஒரு கசகசா.
மூன்று நாளாக அங்கேயே குடியிருந்தது.
அவள் கட்டைவிரலை உயர்த்திவிட்டு
திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

இரண்டு நிமிடம் தாமதமாய்ப் புறப்பட்டேன்.
காரணம் எழுத வேண்டும்.
தடத்தில் அடைப்பு, என்று எழுதினேன்.